தாவும் முயல் முத்திரை: ஒரு நுகர்வோர் மதிப்புரை

முகப்பூச்சு, ஷாம்பு, சலவைத் திரவம் போன்றவற்றின் உறைகளில் சில கோடுகளால் வரையப்பட்ட தாவும் முயல் ஒன்று காணப்படும். ‘லீப்பிங் பன்னி’ எனப்படும் இந்த முத்திரை, அந்தப் பொருளுக்காகவோ அதன் மூலப்பொருள்களுக்காகவோ விலங்குகளின் உடலில் புதிதாகச் சோதனை ஏதும் நடத்தப்படவில்லை என்று வாங்குபவருக்கு அளிக்கப்படும் உறுதிமொழி. இந்த மதிப்புரை எந்த ஒரு பூச்சையும் திரவத்தையும் பற்றியதன்று. அந்த உறுதிமொழியையே ஒரு சேவையாக எடுத்துக்கொண்டு, அது எதை வாக்களிக்கிறது, வாக்களித்ததைக் காப்பாற்றுகிறதா, எதைப் பற்றிப் பேசாமல் விட்டுவிடுகிறது என்று பார்ப்பதே நோக்கம். பல ஆண்டுகளாக இம்முத்திரையைப் பார்த்தே பொருள்களைத் தேர்ந்தெடுத்துவரும் எனது தீர்ப்பை முதலிலேயே கூறிவிடுகிறேன்: ஒரு தணிக்கை முறையாக, கிடைப்பவற்றுள் இதுவே நம்பத்தகுந்தது, ஆனால் விலங்குகளுக்கு நாம் பட்டிருக்கும் கடன் முழுவதையும் தீர்த்துவிட்டதற்கான ரசீதாக இதைக் கருதுபவர், முத்திரை சொல்லாத ஒன்றை அதன்மேல் ஏற்றிப் படிக்கிறார்.

இப்படி ஒரு முத்திரை ஏன் தேவைப்படுகிறது என்ற கேள்விக்கு, உறைகளில் அச்சிடப்படும் சொற்களே விடை தருகின்றன. ‘குரூயல்ட்டி ஃப்ரீ’ (கொடுமையற்றது), ‘விலங்குகளில் பரிசோதிக்கப்படாதது’ என்னும் தொடர்களுக்கு அமெரிக்காவில் சட்டப்படியான வரையறை கிடையாது என்று அந்நாட்டின் உணவு, மருந்து நிர்வாகமே சொல்லிவிட்டது. எனவே முழுமையடைந்த பொருளைத் தான் சோதிக்காமல், அதில் சேரும் வேதிப்பொருளை வேறொரு ஆய்வகத்தைக் கொண்டு முயலின் தோலில் தடவிப் பார்த்த நிறுவனமும் அந்தச் சொற்களை அச்சிட்டுக்கொள்ள இயலும். மூலப்பொருளை விற்றவரே சோதனையை முடித்துக் கொடுத்திருந்தால், வாங்கிய நிறுவனம் தன் கை சுத்தம் என்று கூசாமல் சொல்லிக்கொள்ளவும் இயலும். உறையில் ஏதோ ஒரு முயலை வரைந்துவிட்டால் போதும் என்று எண்ணும் நிறுவனங்களும் உள்ளன. அந்த முயல்களுக்குப் பின்னால் எவருடைய கண்காணிப்பும் இல்லை.

லீப்பிங் பன்னி திட்டம் வேறுபடுவது இங்கேதான். 1996-இல் விலங்கு நல அமைப்புகள் எட்டு ஒன்றுகூடி வட அமெரிக்காவில் இதை உருவாக்கின. பிற நாடுகளில் இதை நடத்தும் அமைப்பு, 1898-இல் பிரான்சஸ் பவர் கோப் என்னும் பெண்மணி பிரிட்டனில் தொடங்கிய, உயிருள்ள விலங்குகளை அறுத்து ஆய்வதை எதிர்க்கும் இயக்கத்தின் வழிவந்தது. சான்று பெற விரும்பும் நிறுவனம் ஒரு குறிப்பிட்ட நாளை வரம்பாக அறிவிக்க வேண்டும். அந்த நாளுக்குப் பிறகு தானும் தனக்குப் பொருள் தரும் எவரும் விலங்குச் சோதனையைச் செய்யவும் கூடாது, பிறரைக் கொண்டு செய்விக்கவும் கூடாது. மூலப்பொருள் வழங்குநர் ஒவ்வொருவரிடமிருந்தும் எழுத்துபூர்வமான உறுதி பெற்று அதைக் கண்காணிக்கும் ஏற்பாடு வேண்டும். ஆண்டுதோறும் அந்த உறுதியைப் புதுப்பிக்க வேண்டும். வெளியார் தணிக்கைக்கும் இடங்கொடுக்க வேண்டும். கேட்பதற்கு அலுவலக நடைமுறை போலத் தோன்றும் இந்தக் கெடுபிடிதான் முத்திரையின் உயிர். அறவுணர்வைப் பற்றி உருக்கமாகப் பேசும் விளம்பரங்களைவிட, வழங்குநர்களின் பட்டியலைக் காட்டு என்று கேட்கும் இந்த வறட்டுத்தனமே என் நம்பிக்கையைப் பெறுகிறது.

இதனோடு ஒப்பிடத்தக்க மற்றொரு முயல், பீட்டா அமைப்பு நடத்தும் திட்டத்துடையது. நிறுவனம் நிரப்பித் தரும் வினாத்தாளையும் கையொப்பமிட்ட உறுதிமொழியையும் அது பெரிதும் சார்ந்திருக்கிறது. விலங்குச் சோதனையற்றவை, சோதனையும் அற்று விலங்குப் பொருள்களும் அற்றவை என்று அது இருவகையாகப் பிரித்துக் காட்டுவது வாங்குபவருக்கு மெய்யாகவே உதவும். லீப்பிங் பன்னியில் அந்தப் பிரிவினை இல்லாததால், முத்திரை பெற்ற உதட்டுப்பூச்சில் தேன்மெழுகும், முத்திரை பெற்ற களிம்பில் ஆட்டு ரோமத்திலிருந்து எடுத்த லேனோலினும் இருக்கலாம். இது குறையா என்றால், முத்திரை அப்படியொரு வாக்குறுதியைத் தரவேயில்லை. ஆனாலும் வாங்குபவரில் பலர் அப்படித்தான் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள் என்பதை நடத்துபவர்கள் அறியாமல் இருக்க முடியாது.

எந்த முத்திரையும் இல்லாத ஒரு நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டபோது, சட்டம் கோரும் இடங்களைத் தவிர வேறெங்கும் தாங்கள் விலங்குகளைச் சோதனைக்கு உட்படுத்துவதில்லை என்ற பொருளில் மிகவும் கனிவான பதில் ஒன்று வந்தது. இத்தகைய பதில்களில் படிக்க வேண்டிய பகுதி, ‘தவிர’ என்ற சொல்லுக்கு முன்னால் இருப்பது. சீனா நெடுங்காலமாக, இறக்குமதியாகும் ஒப்பனைப் பொருள்களைத் தன் நாட்டு ஆய்வகங்களில் விலங்குகளின் மீது சோதித்த பிறகே விற்பனைக்கு அனுமதித்துவந்தது. 2021 மே முதல் சாதாரண வகைப் பொருள்களுக்கு உரிய சான்றிதழ்கள் இருந்தால் விலக்கு உண்டு. தலைமுடிச் சாயம், வெயில் தடுப்புப் பூச்சு போன்ற சிறப்பு வகைகளுக்கு அந்த விலக்கு நீளவில்லை. ஒரு பெரிய சந்தையில் விற்க வேண்டும் என்பது நிறுவனம் தானே எடுத்த முடிவு. அந்த முடிவின் விளைவை மட்டும் சட்டத்தின் கணக்கில் எழுதிவிட்டு, கருணையைத் தன் கணக்கில் வைத்துக்கொள்ளும் வாக்கியத்தை முயல் முத்திரை ஏற்றுக்கொள்வதில்லை. இதற்காகவே அதற்கு முழு மதிப்பெண் தரலாம்.

இனி, வரம்பு நாள் என்னும் ஏற்பாட்டைச் சற்று ஊன்றிப் பார்க்க வேண்டும். முத்திரையின் வலிமையும் சங்கடமும் அதில்தான் சேர்ந்திருக்கின்றன. அந்த நாளுக்குப் பின் நடப்பதற்குத்தான் பொறுப்பு; முன்பு நடந்தது கேட்கப்படாது. நாம் இன்று பாதுகாப்பானவை என்று கவலையின்றிப் பயன்படுத்தும் பழைய மூலப்பொருள்களில் பெரும்பாலானவை, என்றோ ஒரு நாள் ஏதோ ஒரு விலங்கின் கண்ணிலோ தோலிலோ இரைப்பையிலோ செலுத்தப்பட்டவையே. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தில் பணியாற்றிய ஜான் டிரெய்ஸ் 1944-இல் வகுத்த முறையில், வெள்ளை முயலின் ஒரு கண்ணின் கீழிமைக்குள் 0.1 மில்லி லிட்டர் திரவமோ 100 மில்லி கிராம் தூளோ இடப்படும். மற்றொரு கண் ஒப்பீட்டுக்காக விடப்படும். 1, 24, 48, 72 மணி நேரங்களில் கண் பரிசோதிக்கப்படும்; தேவையானால் 21 நாள் வரை கவனிப்பு நீளும். சிவப்பு, வீக்கம், கசிவு, கருவிழிப் படலத்தின் மங்கல் ஆகியவற்றுக்கு மதிப்பெண் உண்டு. மொத்தம் 110-இல் 80 கருவிழிப் படலத்துக்கு மட்டும். முயல் தேர்ந்தெடுக்கப்பட்டது அது நம்மைப் போன்றது என்பதற்காக மட்டும் அன்று. பெரிய கண், குறைவான கண்ணீர், எதிர்க்காத இயல்பு, வளர்க்கும் எளிமை என்று அதன் சாதுவான குணமே அதற்கு எதிரான தகுதியாயிற்று.

அந்த முறை அறிவியல் நோக்கில் எத்தகையது என்பதும் தெரிந்ததே. முயலுக்கு மூன்றாவது இமை உண்டு, நமக்கு இல்லை. அதன் கருவிழிப் படலம் நம்முடையதைவிட மெல்லியது. இருபதுக்கும் மேற்பட்ட ஆய்வகங்களிடம் ஒரே பொருள்களைக் கொடுத்து இச்சோதனையைச் செய்யச் சொன்ன வீல், ஸ்காலா ஆகியோரின் 1971-ஆம் ஆண்டு ஆய்வில், ஓரிடத்தில் கடும் எரிச்சலூட்டுவதாகப் பதிவான பொருள் இன்னோரிடத்தில் தீங்கற்றதாகப் பதிவாயிற்று. கண்ணின் அமைப்பில் உள்ள வேறுபாடு முடிவுகளின் மதிப்பைக் குறைத்தது. வலியை உணர்வதில் உள்ள ஒற்றுமையோ எந்த அளவிலும் குறையவில்லை. இவ்வளவுக்கும் பிறகு கிடைத்த தரவின்மேல்தான் இன்றைய குரூயல்ட்டி ஃப்ரீ பொருள்களும் நிற்கின்றன. பழையதை அழித்துவிட முடியாது, அழிப்பதால் எந்த முயலும் பிழைக்கப் போவதில்லை, எனவே இனி நடப்பதைத் தடுப்பதே செய்யத்தக்கது என்னும் முத்திரையின் நிலைப்பாட்டை நான் ஏற்கிறேன். ஆனால் அந்த வரம்பு நாள் எது என்பதை உறையில் அச்சிட எவரும் முன்வருவதில்லை. இருபது ஆண்டுகளாகக் கடைப்பிடிக்கும் நிறுவனமும் சென்ற ஆண்டு மனம் மாறிய நிறுவனமும் ஒரே முயலைத்தான் அணிந்திருக்கின்றன.

மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. சோதனைகள் வெறும் குரூரத்திலிருந்து பிறக்கவில்லை. 1930-களில் அமெரிக்காவில் விற்கப்பட்ட ‘லாஷ் லூர்’ என்னும் கண்ணிமைச் சாயம், அதில் இருந்த பாராஃபினைலின்டையமின் என்னும் வேதிப்பொருள் காரணமாகப் பெண்கள் சிலரின் பார்வையைப் பறித்தது. ஓர் உயிரையும் கொண்டுபோயிற்று. அப்போது ஒப்பனைப் பொருள்களைக் கட்டுப்படுத்த அரசுக்கு அதிகாரமே இல்லை. 1938-ஆம் ஆண்டுச் சட்டம்தான் அந்த அதிகாரத்தைக் கொடுத்தது. சோதிக்கவே கூடாது என்பவரிடம் அந்தப் பெண்களைப் பற்றிக் கேட்டால் பதில் இருக்க வேண்டும். முத்திரையிடம் ஒரு பதில் இருக்கிறது: சோதனை வேண்டாம் என்று அது சொல்வதில்லை, விலங்கின் மீது வேண்டாம் என்கிறது. 1980 ஏப்ரலில் ஹென்றி ஸ்பைரா என்னும் போராளி, ரெவ்லான் என்னும் ஒப்பனைப் பொருள் நிறுவனத்தை நோக்கி நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் முழுப்பக்க விளம்பரம் ஒன்றை வெளியிட்டு, அழகின் பெயரால் எத்தனை முயல்களின் கண்களைக் குருடாக்குகிறீர்கள் என்று கேட்டார். அந்த ஆண்டு முடிவதற்குள், மாற்று முறைகளைத் தேட ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்துக்கு 7,50,000 டாலர் தர ரெவ்லான் இசைந்தது. 1981-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மாற்று முறைகளுக்கான மையம் தோன்றியது. இன்று மனிதத் தோல் செல்களைக் கொண்டு வளர்த்தெடுக்கும் மேல்தோல் மாதிரிகளும் கருவிழிப் படல மாதிரிகளும் பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சிக்கான பன்னாட்டு அமைப்பான ஓ.இ.சி.டி.யின் அங்கீகாரம் பெற்ற முறைகளாக உள்ளன.

ஆனால் இந்த மாற்று முறைகளின் உள்ளே எட்டிப் பார்த்தால் முத்திரை பேசாத சில செய்திகள் கண்ணில் படும். ஏற்கப்பட்ட முறைகளுள் ஒன்று, இறைச்சிக் கூடத்தில் கொல்லப்பட்ட மாட்டின் கருவிழிப் படலத்தைப் பயன்படுத்துவது. மற்றொன்று, கொல்லப்பட்ட கோழியின் கண்ணைப் பயன்படுத்துவது. ஆய்வகத்தில் செல்களை வளர்க்கும் ஊடகத்தில் பரவலாகச் சேர்க்கப்படும் சீரம், கருவுற்ற நிலையில் கொல்லப்பட்ட பசுவின் வயிற்றுக் கன்றின் இரத்தத்திலிருந்து பெறப்படுவது. சீரம் இல்லாத ஊடகங்களும் உருவாகிவருகின்றன. இருப்பினும் விலங்கை விட்டு முற்றிலும் விலகிவிட்டோம் என்று சொல்லும் நிலை இன்னும் எட்டப்படவில்லை. உயிரோடு இருக்கும் கண்ணை எரிப்பதற்கும், வேறு காரணத்துக்காகக் கொல்லப்பட்ட உடலிலிருந்து கண்ணை எடுப்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு என்பதில் எனக்கு ஐயமில்லை. அந்த வேறுபாட்டை வாங்குபவருக்கு விளக்கிச் சொல்லும் துணிவு முத்திரைக்கு இருந்திருக்கலாம்.

முயலை ஏன் சின்னமாகத் தேர்ந்தார்கள் என்பது எளிதில் விளங்கும். முயலைக் கண்டால் எவருக்கும் இரக்கம் சுரக்கும். உண்மையில் உலகின் ஆய்வகங்களில் பெரும் எண்ணிக்கையில் பயன்படுத்தப்படுபவை சுண்டெலிகளும் மீன்களும் எலிகளும். அமெரிக்காவின் விலங்கு நலச் சட்டத்தில் 2002-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, ஆய்வுக்காக வளர்க்கப்படும் சுண்டெலிகளும் எலிகளும் பறவைகளும் அச்சட்டத்தின் பொருளில் ‘விலங்கு’ என்பதற்குள் அடங்கா. வலியை உணரும் ஆற்றல் முயலிலிருந்து எலிக்கு இறங்கும்போது எங்கோ ஓரிடத்தில் நின்றுவிடுவதாக எந்த உயிரியலும் கூறவில்லை; நின்றுவிடுவது நம் இரக்கம்தான். எலியைச் சின்னமாக வைத்திருந்தால் இந்த முத்திரை இத்தனை உறைகளில் இடம்பிடித்திருக்குமா என்பது ஐயமே.

இங்கேதான் விலங்கின் மீது மனிதனுக்கு உரிய இடம் எது என்ற கேள்வி தவிர்க்க முடியாததாகிறது. ஆறறிவு படைத்தவர்கள் நாம். சிந்திக்கிறோம், பேசுகிறோம், நன்மை தீமை அறிகிறோம். ஆகவே நம் நலனே முதன்மையானது என்பது பழைய வாதம். அந்தத் தகுதிகள் பச்சிளங்குழந்தைக்கு இன்னும் வரவில்லை, நினைவிழந்த முதியவரிடம் இப்போது இல்லை. இருந்தும் அவர்கள் கண்ணில் ஒரு புதிய ஷாம்புவை ஊற்றிப் பார்க்க எவரும் ஒப்ப மாட்டோம். அப்படியானால் அவர்களைக் காப்பது ஆறாவது அறிவு அன்று; துன்புறக்கூடிய உடல் ஒன்று அவர்களுக்கு இருக்கிறது என்பதே. ஆங்கிலத் தத்துவஞானி ஜெரமி பெந்தம் 1789-லேயே, விலங்குகள் சிந்திக்குமா பேசுமா என்பதை விட்டுவிட்டு அவை துன்புறுமா என்று கேட்கச் சொன்னார். இல்லை, அவர்கள் நம் இனம், நம் இனத்துக்கு நாம் கூடுதலாகக் கடமைப்பட்டவர்கள் என்று பதில் வரும். இது எளிதில் தள்ளத்தக்க பதிலன்று. நானும் ஓரளவு ஏற்கிறேன். ஆனால் என் குழந்தைக்கு முதலில் சோறிடும் உரிமை எனக்கு உண்டு என்பதிலிருந்து, என் குழந்தையின் அலங்காரத்துக்காக அடுத்த வீட்டுக் குழந்தையைக் காயப்படுத்தும் உரிமை பிறப்பதில்லை. உறவு தருவது முன்னுரிமையை. அதுவும் இருவருடைய இன்றியமையாத தேவைகள் மோதும்போது மட்டும். ஏற்கெனவே பாதுகாப்பானவை என்று தெரிந்த ஆயிரக்கணக்கான மூலப்பொருள்கள் இருக்கும்போது, இன்னுமொரு நிறத்துக்கும் இன்னுமொரு நறுமணத்துக்கும் முயலின் கண்ணைக் கேட்பது அத்தகைய மோதலே அன்று.

மருந்தின் கதை வேறு. 1921-இல் டொராண்டோவில் பாண்டிங்கும் பெஸ்டும் நாய்களின் உடலில் செய்த ஆய்வுகளிலிருந்து வந்தது இன்சுலின். அதனால் உயிர் வாழ்பவர்களிடம் போய் அந்த நாய்களின் சார்பாகப் பேசுவது எளிதன்று. மறுபுறம், குரங்குகளில் தீங்கற்றதாகக் காணப்பட்ட டி.ஜி.என். 1412 என்னும் மருந்தை, விலங்குகளில் பாதுகாப்பானதெனக் கண்ட அளவில் ஐந்நூற்றில் ஒரு பங்காகக் குறைத்து 2006-இல் லண்டனில் தன்னார்வலர்களுக்குச் செலுத்தியபோது, அதைப் பெற்ற ஆறு பேரும் உயிருக்குப் போராடும் நிலைக்குச் சென்றனர். புதிய மருந்துகளுக்கு விலங்குச் சோதனையே கட்டாயம் என்றிருந்த நிலையை 2022 டிசம்பரில் அமெரிக்கா சட்டத்திருத்தம் மூலம் தளர்த்தியது. தேவையும் உண்டு, நம்பகத்தன்மையில் ஐயமும் உண்டு என்ற இந்தக் கடினமான நிலத்தில் முயல் முத்திரை கால்வைப்பதேயில்லை. ஒப்பனைப் பொருள்கள், வீட்டுத் துப்புரவுப் பொருள்கள் என்ற எல்லையோடு அது நின்றுகொள்கிறது. அந்த அடக்கத்தை நான் குறையாகக் கருதவில்லை. விடை தெளிவாக உள்ள இடத்தில் விடையைச் செயல்படுத்துவது சிறிய பணியன்று.

சட்டமே தடை செய்துவிட்ட இடங்களில் முத்திரை எதற்கு என்று கேட்கலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2013 மார்ச் 11 முதல் விலங்குகளில் சோதிக்கப்பட்ட ஒப்பனைப் பொருள்களின் விற்பனையை முற்றிலும் தடுத்தது. ஆனால் தொழிலாளர் பாதுகாப்பை முன்னிட்டு வேதிப்பொருள்களைப் பதிவுசெய்யக் கோரும் ‘ரீச்’ என்னும் வேறொரு சட்டம் அங்கேயே இருக்கிறது. வெயில் தடுப்புப் பூச்சுகளில் சேரும் ஹோமோசலேட் முதலிய இரண்டு பொருள்களுக்கு அச்சட்டத்தின் கீழ் விலங்குச் சோதனை கோரப்பட்டதை எதிர்த்து சிம்ரைஸ் நிறுவனம் தொடுத்த வழக்கை, ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் 2023 நவம்பரில் தள்ளுபடி செய்தது. பயன்படுத்துபவருக்காகச் சோதிக்கக் கூடாது, தயாரிப்பவருக்காகச் சோதிக்க வேண்டும். முயலின் தோலுக்கு இந்த நுணுக்கம் எட்டுமா என்று தெரியவில்லை. ஒரு சட்டம் மூடிய கதவை இன்னொரு சட்டம் திறக்கும் நிலை இருக்கும்வரை, வழங்குநர் அளவில் கேள்வி கேட்கும் முத்திரைக்கு வேலை இருக்கும்.

பயன்பாட்டு எளிமை பற்றிச் சில வார்த்தைகள். வட அமெரிக்கத் திட்டத்தில் சான்று பெறுவது வேறு, சின்னத்தை உறையில் அச்சிடும் உரிமம் வேறு. உரிமத்துக்குத் தனிக் கட்டணம் உண்டு. ஆகவே முயல் இல்லாத உறையும் சான்று பெற்றதாக இருக்கலாம். இணையப் பட்டியலையோ கைபேசிச் செயலியையோ பார்த்துத்தான் உறுதிசெய்ய வேண்டும். பட்டியல் தெளிவானது, தேடுவதும் எளிது. தாய் நிறுவனம் சான்று பெறாததாக இருந்தாலும் அதன் கீழுள்ள ஒரு பிராண்ட் தன் வழங்குநர் வலையைத் தனியாகக் காத்துச் சான்று பெறலாம். 2006-இல் லோரியால் என்னும் பெரிய ஒப்பனைப் பொருள் நிறுவனத்தின் கைக்குப் போன பாடி ஷாப் என்னும் பிராண்ட் அப்படித்தான் முயலைத் தக்கவைத்துக்கொண்டது. லாபம் யாருக்குச் சேர்கிறது என்பதைப் பொருட்படுத்துபவர், ஒவ்வொரு பெயருக்கும் கீழே உரிமையாளர் யார் என்ற குறிப்பையும் தேடிப் படிக்க வேண்டும்.

ஷாம்பு, சோப்பு, ஒப்பனைப் பொருள், துப்புரவுத் திரவம் ஆகியவற்றை வாங்குபவருக்கு இம்முத்திரையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். விலங்குப் பொருள் அறவே கூடாது என்பவர் இதோடு வேகன் சான்றையும் சேர்த்துத் தேட வேண்டும். திட்டத்தை நடத்துபவர்களிடம் கேட்பதற்கு இரண்டு உண்டு: முயலின் காலடியில் வரம்பு நாளின் ஆண்டை அச்சிடுங்கள், சான்று பெற்ற நிறுவனங்கள் தங்கள் பொருள்களின் பாதுகாப்பை எந்த முறையில் உறுதிசெய்கின்றன, அதில் சீரமோ இறைச்சிக் கூடத்துக் கண்ணோ இடம்பெறுகிறதா என்பதைப் பட்டியலில் ஒரு வரியாகவேனும் சேருங்கள்.